பெயரை விற்றவன் எங்கே?

பசிபிக் மாகடலின் நடுவே மூன்று பவளத் திட்டுகள். வரைபடத்தில் விரலை வைத்தால் விரலுக்கு அடியிலே ஒளிந்துகொள்ளும் அளவுக்குச் சின்னஞ்சிறியவை. டோக்கலாவ் என்பது பெயர். நியூசிலாந்தின் ஆளுகைக்கு உட்பட்டது. மக்கள் தொகை ஏறத்தாழ 1,500. நமது கிளை ஒன்று நடத்தும் தெருமுனைக் கூட்டத்திலே திரளுவோரின் எண்ணிக்கைதான் அங்கே ஒரு நாட்டின் மக்கள் தொகை! விமானம் இறங்க இடமில்லை. சமோவாவிலிருந்து கப்பலேறித்தான் போய்ச் சேர வேண்டும். தென்னை உண்டு, மீன் உண்டு, உழைத்து உண்ணும் நல்ல மக்கள் உண்டு.

தோழர்களே! அந்த 1,500 பேரின் நாட்டுப் பெயரைத் தாங்கி, ஒரு காலத்தில் இணைய உலகிலே 2 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் உலவின. ஜெர்மனி என்ற பெருந்தொழில் நாட்டின் பெயரில் இருந்த முகவரிகளைக் காட்டிலும் அதிகம்! தீவின் குழந்தைகள், கிழவர்கள், தென்னை மரங்கள் அத்தனைக்கும் ஆளுக்கொரு முகவரி கொடுத்தாலும் அவ்வளவு தேறாது. பின் யாருடையவை அவை?

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், இன்று நம் வீட்டுக் கைப்பேசியிலே வந்து விழுகின்ற வஞ்சகச் செய்திக்கும், வங்கிக் கணக்கைத் துடைத்துவிட்டுப் போகின்ற எத்தனுக்கும், அவனை என்ன செய்வது என்று புரியாமல் கையைப் பிசையும் அரசுகளுக்கும் வழி கிடைக்கும். ஆகவேதான் எங்கோ கிடக்கும் தீவின் கதையை இங்கே எடுத்தேன்.

இணையத்திலே ஒவ்வொரு கடைக்கும், கட்சிக்கும், வங்கிக்கும், ஏட்டுக்கும் ஒரு பெயர் வேண்டும். டொமைன் என்கிறார்கள், களப்பெயர் என்று நாம் சொல்லலாம். பெயரின் வாலிலே ஒரு குறி இருக்கும். டாட் காம் என்பது உலகப் பொது வணிகக் குறி. டாட் இன் என்பது இந்தியாவின் குறி. அப்படியே டோக்கலாவுக்கும் ஒரு குறி: டாட் டி.கே. ஆம்ஸ்டர்டாமிலே தொடங்கப்பட்ட ஃப்ரீநாம் என்ற நிறுவனம் அந்தத் தீவோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பின்னர் மாலி, காபோன், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, எக்குவடோரியல் கினி ஆகிய நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் குறிகளையும் கையிலே எடுத்தது. எடுத்துவிட்டு என்ன செய்தது? “வாருங்கள், வாருங்கள்! பெயர் இலவசம்! பணம் வேண்டா, சான்று வேண்டா!” என்று கூவியது.

கூட்டம் கூடியது. ஏழை மாணவன் வந்தான், எழுதிப் பழக ஓர் இடம் தேடிய இளைஞன் வந்தான். அவர்களை நான் பழிக்கவில்லை. ஆனால் அவர்களுக்குப் பின்னால் அணி அணியாக வந்தவர்கள் யார்? வங்கியின் முகமூடி வேண்டியவன் வந்தான். அஞ்சலகத்தின் வேடம் வேண்டியவன் வந்தான். ஒரு நாளில் நூறு பெயர் வாங்கி, நூறிலும் பொய்க் கடை விரித்து, மறுநாள் கடையைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவன் வந்தான். காலாவதியான பெயர்களிலே விளம்பரம் மாட்டி அந்நிறுவனம் காசு பார்த்தது. தீவுக்கு வருவாயிலே ஒரு பங்கு கிடைத்தது. பழி மட்டும் முழுதாகவே கிடைத்தது!

2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தொடுத்த வழக்கு வெளியே தெரிந்தது. தன் பெயர்களைப் போலப் பெயர் வைத்து ஏமாற்றுவோருக்கு ஃப்ரீநாம் துணை நிற்கிறது என்பது குற்றச்சாட்டு. அதற்குள்ளாகவே, அவ்வாண்டு சனவரியிலேயே, புதிய பதிவுகளை அந்நிறுவனம் நிறுத்திக்கொண்டிருந்தது. காபோனும் மாலியும் தத்தம் குறிகளை மீட்டுக்கொண்டன. 2023 நவம்பரில், களப்பெயர்களுக்கெல்லாம் தலைமைக் கணக்கனாக இருக்கும் ஐகான் என்ற அமைப்பு, அந்தக் குழுமத்தின் பதிவாளர் உரிமையைப் பறித்தது. 2024 பிப்ரவரியில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. ஃப்ரீநாம் பெயர் வணிகத்தைவிட்டே வெளியேறுவதாக அறிவித்தது.

விளைவு என்ன? இன்டர்ஐல் என்ற ஆய்வுக் குழுவின் கணக்கைப் பாருங்கள். நாட்டுக் குறிகளில் பிடிபட்ட தூண்டில் மோசடிப் பெயர்களில் 60 விழுக்காட்டுக்கு மேல், 2022 நவம்பரில், ஃப்ரீநாம் கையிலிருந்த குறிகளைச் சேர்ந்தவை. சில மாதங்களுக்குள் அது 15 விழுக்காட்டுக்கும் கீழே சரிந்தது! எத்தர்கள் திருந்திவிட்டார்களா? இல்லை, வேறு கடை தேடிப் போனார்கள். ஆனால் ஓர் உண்மை மறைக்க முடியாதபடி வெளிப்பட்டுவிட்டது. உலகமெங்கும் எத்தனைத் துரத்தித் துரத்திக் களைத்த காவல் துறைகள் சாதிக்காததை, ஒரே ஒரு கடையின் கதவு மூடப்பட்டது சாதித்தது!

அந்தக் கடையைப் பற்றித்தான் இன்று நான் பேச விரும்புகிறேன். மோசடி நடந்தால், “ஏமாந்தவன் ஏன் ஏமாந்தான்?” என்று கேட்கிறோம். “ஏமாற்றியவன் எங்கே?” என்றும் கேட்கிறோம். மூன்றாவது கேள்வியை மட்டும் கேட்பதே இல்லை. அந்தப் பொய்ப் பெயரை அவனுக்கு விற்றவன் எங்கே?

ஏமாந்தவனைக் குற்றம் சொல்வது எளிது. “இன்றிரவு உங்கள் மின் இணைப்புத் துண்டிக்கப்படும், உடனே இங்கே தொட்டுப் பணம் கட்டுங்கள்” என்று செய்தி வருகிறது. வயிற்றுக்கும் வாடகைக்கும் இடையே வதைபடும் ஒரு தாய், கைக்குழந்தை இருட்டிலே கிடக்குமே என்று பதறித் தொடுகிறாள். திரையிலே தெரியும் பெயரில் வங்கியின் பெயர் இருக்கிறது. வாரியத்தின் பெயர் இருக்கிறது. ஓர் எழுத்துக்குப் பதில் ஓர் எண். இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு சிறு கோடு. கற்றவர் கண்ணுக்கே தப்பும் வித்தை! 2017-இல் ஓர் ஆய்வாளர் செய்து காட்டினார்: ஆப்பிள் நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரை, உருவத்திலே அச்சு அசலாக ஒத்த சிரிலிக் எழுத்துகளால் எழுதிப் பதிவு செய்தார். உலாவியின் நெற்றியிலே இரண்டு பெயர்களும் இரட்டைப் பிள்ளைகளைப் போல நின்றன. கணிப்பொறி விற்பன்னர்களே திகைத்தார்கள். அந்தத் தாயைப் பார்த்து, “நீ ஏன் கவனமாக இல்லை?” என்று கேட்பது அறிவுரையா, அவமதிப்பா?

எத்தனைப் பிடிப்பது நியாயம், ஆனால் அரிது. அவன் ஒரு நாட்டிலே அமர்ந்து, இன்னொரு நாட்டிலே பெயர் வாங்கி, மூன்றாம் நாட்டிலே கணினி வாடகைக்கு எடுத்து, நான்காம் நாட்டு மக்களைக் கொள்ளையடிக்கிறான். நான்கு நாட்டுக் காவலரும் கடிதம் எழுதி முடிப்பதற்குள் அவன் நாற்பது பெயர் மாற்றியிருப்பான்.

விற்றவனோ அப்படியல்லன். அவனுக்கு அலுவலகம் உண்டு; உரிமம் உண்டு; ஆண்டுக் கணக்கு உண்டு. டாட் காம் போன்ற குறிகளில் பெயர் விற்க ஐகானோடு ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறான். அவனைத் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை; கதவைத் தட்டினால் போதும். தட்டிக் கேட்டால் என்ன நடக்கும்? நாடகக்காரன் ஆகையால் காட்சியாகவே காட்டுகிறேன்.

“ஐயா, இந்தப் பெயரை யாருக்கு விற்றீர்?”

“கேட்டவருக்கு.”

“கேட்டவர் யார்?”

“மின்னஞ்சல் தந்தார், பணம் தந்தார்.”

“ஒரே வங்கியின் பெயரை எழுத்து மாற்றி எழுத்து மாற்றி, ஒரே இரவில் ஐந்நூறு பெயர் கேட்டாரே, ஐயம் எழவில்லையா?”

“ஐயப்படுவது என் தொழில் இல்லை, விற்பதே என் தொழில்!”

கத்தி விற்றவன் கொலைக்குப் பொறுப்பாவானா என்று அவருக்காக வாதாட வருவோர் உண்டு. ஆகமாட்டான், ஒப்புக்கொள்கிறேன். காய் நறுக்கவும் கத்தி வேண்டும். ஆனால் நள்ளிரவிலே கடையைத் திறந்து வைத்து, முகம் காட்டாத ஒருவனுக்குக் காவலர் சீருடை ஐந்நூறு தைத்துக் கொடுத்த தையற்காரனை என்ன செய்வீர்கள்? “துணி தைப்பது என் தொழில்” என்று அவன் சொன்னால் நீதிமன்றம் தலையசைத்து அனுப்பிவிடுமா? வங்கியின் பெயரைப் போல வார்க்கப்பட்ட பெயர் கத்தியன்று, தோழர்களே, அது சீருடை! நம்பிக்கையை ஊட்டி ஏமாற்றவே தைக்கப்பட்ட சீருடை.

இந்த வணிகத்திலே விற்பவர்களில் சிலர் வெறுமனே கண்ணை மூடிக்கொண்டார்கள்; சிலரோ தாமே களத்தில் இறங்கினார்கள். டொமைன் ரிஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா என்று, அரசு அலுவலகத்தைப் போல ஒலிக்கும் பெயரை வைத்துக்கொண்ட ஒரு நிறுவனம், பெயர் வைத்திருப்போரின் முகவரிகளைத் திரட்டி, “உங்கள் பெயர் காலாவதியாகப் போகிறது, உடனே பணம் செலுத்துக” என்று கட்டணச் சீட்டைப் போலக் கடிதங்கள் அனுப்பியது. அஞ்சிப் பணம் கட்டியவர்கள், தங்களை அறியாமலே, பழைய பதிவாளரைவிட்டு அந்நிறுவனத்தின் பிடிக்கு மாறினார்கள். அமெரிக்க வணிக ஆணையம் 2003 டிசம்பரில் அதன்மீது நடவடிக்கை எடுத்தது. ஆனால் அதனோடு தொடர்புடைய பதிவாளரின் உரிமத்தை ஐகான் இடைநிறுத்தியது எப்போது தெரியுமா? 2014 சூலையில்! பத்தாண்டுகளுக்கும் மேல் கடிதம் போய்க்கொண்டே இருந்தது. காசு வந்துகொண்டே இருந்தது. நீதி ஆமையேறி வந்தது.

பெயரைப் பறிகொடுத்தவனுக்கு ஒரு மன்றம் உண்டே என்பார்கள். உண்டு. 1999-இல் ஐகான் ஒரு பொது விதி வகுத்தது. ஜெனீவாவிலே உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் முறையிடலாம். பாடகி மடோனா தம் பெயரிலிருந்த களத்தை 2000-ஆம் ஆண்டில் மீட்டது இவ்வழியேதான். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே ஒரு நடுவர் முன் வழக்கு வைக்கக் கட்டணம் 1,500 டாலர். தீர்ப்புக்கு ஏறத்தாழ இரண்டு திங்கள். மடோனாவால் முடியும். கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்காரரால் முடியுமா? இரண்டு திங்கள் கழித்துப் பெயர் மீளலாம். இரண்டு மணி நேரத்திலே பறிபோன பணம் மீளுமா?

அப்படியானால் செய்யத்தக்கது யாது? முதலில், செய்து பலன் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பெயரை வாங்கி ஐந்து நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் கட்டணம் இல்லை என்று ஒரு சலுகை இருந்தது. எழுத்துப் பிழைக்கு மன்னிப்பாக வைத்த சலுகை. அதையே தொழிலாக்கினார்கள் சிலர். இலட்சக்கணக்கில் பெயர் வாங்குவது, ஐந்து நாள் விளம்பரம் மாட்டுவது, காசு தேறாத பெயர்களைத் திருப்பி எறிவது! சுவைத்துப் பார்த்துத் துப்புவது என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அதை ஒழிக்க எந்தப் படை திரட்டப்பட்டது? எந்தச் சிறை கட்டப்பட்டது? ஒன்றும் இல்லை. 2008-இல், அளவுக்கு மேல் திருப்பிக் கொடுக்கப்படும் ஒவ்வொரு பெயருக்கும் 20 சென்ட் கட்டணம் என்றது ஐகான். 2009-இல் முழுக் கட்டணமே கொடு என்றது. ஓராண்டுக்குள் அப்படித் திருப்பிக் கொடுப்பது 99.7 விழுக்காடு குறைந்துபோயிற்று! அறவுரைக்கு அசையாத வணிகன், இருபது காசுக்கு அசைந்தான்.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்று. மோசடிக்கு உயிர்மூச்சு மலிவு. நூறு பெயர் வாங்கி, ஒன்றிலே ஒருவன் சிக்கினாலும் ஆதாயம் என்ற கணக்குதான் எத்தனை வாழவைக்கிறது. அந்தக் கணக்கைக் கெடுத்தால் தொழில் கெடும். கணக்கைக் கெடுக்கும் இடம் விற்பனை மேடை.

இரண்டாவது, கெடு. 2024 ஏப்ரல் 5 முதல் ஐகானின் ஒப்பந்தங்களிலே ஒரு புதிய கடமை சேர்ந்திருக்கிறது. நச்சு மென்பொருள், அடிமைக் கணினிப் படை, தூண்டில் மோசடி, திசைமாற்று மோசடி, இவற்றைச் சுமந்து வரும் குப்பை அஞ்சல் ஆகியவற்றுக்கு ஒரு பெயர் பயன்படுகிறது என்று தக்க சான்று கிடைத்தால், பதிவாளர் விரைந்து தடுத்தாக வேண்டும். வரவேற்கிறோம்! ஆனால் “விரைந்து” என்றால் எத்தனை மணி? ஒப்பந்தத்திலே எண் இல்லை. எண் இல்லாத கெடு, பூட்டு இல்லாத கதவு. இத்தனை மணிக்குள் என்று எழுதட்டும். தவறினால் இவ்வளவு தண்டம், மீண்டும் தவறினால் உரிமம் பறிபோகும் என்று எழுதட்டும்.

மூன்றாவது, வாயிற்காவல். எல்லா வீதிக்கும் காவல் போட வேண்டியதில்லை. பொற்கொல்லர் வீதிக்குப் போட்டால் போதும். இந்திய ரிசர்வ் வங்கி அதைச் செய்தது. 2025 பிப்ரவரியில், வங்கிகளுக்கென்றே டாட் பேங்க் டாட் இன் என்ற தனிக் குறியை அறிவித்தது. 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் அதற்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. ஐதராபாத்திலுள்ள வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஒன்றுதான் அந்தப் பெயரைத் தரும். வங்கிக்கு மட்டும் தரும். பாமரனுக்கும் சொல்லிப் புரியவைக்கலாம்: வால் சரியாக இருந்தால் வங்கி, வால் தவறாக இருந்தால் வஞ்சகம். அந்தத் தாய்க்கு ஆயிரம் அறிவுரைகளைவிட இந்த ஓர் ஏற்பாடு பெரிது. மின் வாரியத்துக்கும் இப்படியொரு வால் வேண்டும். எங்கெல்லாம் ஏழையின் பணம் கைமாறுகிறதோ அங்கெல்லாம் வேண்டும் என்று கேட்பது நம் கடமை.

இவ்வளவும் சொன்னபின், இன்னொரு கூட்டம் எழுந்து நின்று கைதட்டுவது என் செவியிலே விழுகிறது. “சரியாகச் சொன்னீர்! அதிகாரத்தை அரசிடம் கொடுத்துவிடுங்கள். ஐயத்துக்கிடமான பெயரையெல்லாம் ஒரே கையொப்பத்தில் மூடிவிடுகிறோம்!” என்கிறார்கள். தோழர்களே, இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். எத்தனைப் பிடிக்க எறியும் வலையிலே எழுத்தாளனும் சிக்குவான் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது.

2011 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் அதிகாரிகள், குழந்தைகளை இழிவுபடுத்தும் படங்களை ஒழிக்கிறோம் என்று சில பெயர்களைக் கைப்பற்றினார்கள். நோக்கம் நன்று, யார் மறுப்பார்? ஆனால் அவர்கள் முடக்கிய பெயர்களில் ஒன்றான மூ டாட் காம், ஏறத்தாழ 84,000 பேரின் தனித்தனித் தளங்களுக்குத் தாய்ப்பெயர். எழுதிவைத்திருந்த குடும்பத் தலைவன், கடை வைத்திருந்த சிறு வணிகன் எல்லாருடைய தளத்திலும், இது குழந்தைப் படக் குற்றத்துக்காகக் கைப்பற்றப்பட்டது என்று அரசு முத்திரையோடு அறிவிப்புத் தொங்கியது! சில நாளில் தவற்றை உணர்ந்து விடுவித்தார்கள். அண்டை வீட்டார் கண்ணிலே பட்ட அந்த அறிவிப்பை யார் அழிப்பது?

அது பிழை. அடுத்தது பிழையன்று, திட்டம். ஸ்பெயின் நாட்டிலே கட்டலோனிய மக்கள் தனி மொழி உடையவர்கள். தம் மொழிக்கும் பண்பாட்டுக்கும் என்று டாட் கேட் என்ற குறியை 2005-இல் போராடிப் பெற்றவர்கள். ஒரு மொழிக்குக் குறி பெற்ற பெருமை அவர்களுடையது. 2017 அக்டோபர் 1-இல் பொதுவாக்கெடுப்பு என்று கட்டலோனிய அரசு அறிவித்தபோது, ஸ்பெயின் என்ன செய்தது? செப்டம்பர் 20-ஆம் நாள், பார்சலோனாவிலுள்ள அந்தப் பெயர்ப் பதிவகத்துக்குள் காவல் படை புகுந்தது. வாக்கெடுப்பைப் பற்றிப் பேசும் பெயர்களை முடக்கு என்று நீதிமன்ற ஆணை. அலுவலர் ஒருவர் கைது. வாக்கெடுப்பு சட்டப்படியானதா என்பது அந்நாட்டார் வாதம். அதற்குள் நான் புகவில்லை. ஆனால் மொழிக்காக ஏற்றிய விளக்கின் திரியை ஒரு காலையிலே கிள்ளி எறிய முடிந்ததே, அந்தக் கை எங்கே இருந்தது? பெயர்ப் பட்டியலின்மேல் இருந்தது!

நாடகத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இந்த ஆட்டம் புதிதன்று. 1876-இல் வெள்ளையர் ஆட்சி நாடகச் சட்டம் கொண்டுவந்தது. இழிவான, ஆபாசமான நாடகங்களைத் தடுக்க என்றார்கள். ஆட்சியை இடித்துரைத்த நாடகங்களின் கழுத்திலே அதே கயிறு விழுந்தது. வெள்ளையன் போனபின்பும் 1954-இல் சென்னை மாநிலத்திலே அதன் மறுபதிப்பு வந்தது. கதையை முன்கூட்டியே காவலரிடம் காட்டு என்றது. அது செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! ஆபாசத்தைத் தடுக்க வந்த சட்டம் ஐம்பத்தெட்டு ஆண்டு மேடையை அச்சுறுத்தியது. மோசடியைத் தடுக்க வரும் சட்டம் எத்தனை ஆண்டு ஏட்டை அச்சுறுத்தும் என்று கேட்காமல் இருக்க முடியுமா?

இன்றும் நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்களைக் காட்டி ஒன்றிய அரசு இணையத் தளங்களை முடக்கலாம். 2009-ஆம் ஆண்டு வகுத்த விதிகளில் 16-ஆவது விதி, அந்த நடவடிக்கைகள் மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. மறைவிலே செயல்படும் கத்தரிக்கோலின் கையிலே, மோசடி ஒழிப்பு என்ற இன்னொரு கூர்மையையும் சேர்த்துக் கொடுத்தால், நாளை வெட்டப்படுவது எத்தனின் பெயரா, எதிர்க்கட்சியின் பெயரா?

ஆதலால் நமது நிலை தெளிவாக இருக்கட்டும். விற்றவன்மீது கடுமை, பேசுகிறவனுக்குப் பாதுகாப்பு. பெயரை முடக்கும் அதிகாரம் மோசடி என்ற ஒன்றுக்கு மட்டும் இருக்கட்டும். கருத்து எவ்வளவு கசப்பானாலும் அதனை நெருங்கக் கூடாது. முடக்கினால் காரணம் எழுதிக் கொடுக்கட்டும். உரியவனுக்கு உடனே அறிவிக்கட்டும். அவன் முறையிடச் செலவில்லாத மன்றம் ஒன்று, நாள் கணக்கில் தீர்ப்புச் சொல்லட்டும். எந்தப் பெயர், யார் கேட்டு, எக்காரணத்தால் முடக்கப்பட்டது என்ற பட்டியல் ஊரறிய வெளிவரட்டும்.

பெயர் வைத்திருப்பவன் யார் என்பதை உலகுக்கெல்லாம் அறிவிக்க வேண்டுமா என்பதும் ஒரு வழக்கு. முன்பு பட்டியல் திறந்து கிடந்தது. 2018 மே திங்களில் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் ஐகான் திரை போட்டது. எத்தனும் திரைக்குள்ளே ஒளிந்தான். உண்மை எழுதி உயிருக்கு அஞ்சும் ஏழை இதழாளனும் திரைக்குள்ளே பிழைத்தான். திரையைக் கிழித்தெறிக என்று நான் சொல்லமாட்டேன். விற்றவனுக்கு வாங்கியவனைத் தெரிந்திருக்கட்டும். நீதிமன்றம் கேட்டால் சொல்லட்டும். கண்டவனெல்லாம் எட்டிப் பார்க்க வேண்டா.

இனி நம் கடமை. தலைநகரங்கள் விதி எழுதும்வரை தெருக்கள் காத்திருக்க முடியாது. நமது படிப்பகங்களிலே மாலை வேளையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பெயரைப் படிக்கும் முறையைச் சொல்லிக் கொடுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்திலே நின்று, அங்கிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும். வாலுக்கு ஒட்டி முன்னால் நிற்கிற சொல்தான் உரிமையாளன். அதற்கும் முன்னால் எத்தனை வங்கிப் பெயர் அடுக்கியிருந்தாலும் அவை வெறும் ஒப்பனை. நாடகத்திலே அரசன் வேடம் போட்டவனின் மகுடத்தைப் பார்த்து ஏமாறாமல், ஒப்பனைக்குள்ளே இருப்பவன் யாரென்று பார்ப்பது போல! செய்தியிலே வந்த வழியைத் தொடாமல், நாமே பெயரை எழுதிப் போவது நல்லது என்று சொல்லுங்கள். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல், 1930 என்ற எண்ணுக்கு அந்த நிமிடமே பேசச் சொல்லுங்கள். நிமிடம் தவறினால் பணம் கைமாறிவிடும். ஏமாந்தவரைப் பார்த்து நகைக்காதீர்கள். நகைப்புக்கு அஞ்சி வாய் திறவாதவரே எத்தனின் அடுத்த முதலீடு.

இயக்கத்தின் பெயரையும் காத்துக்கொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டின் இறுதியிலே அமெரிக்கத் தேர்தல் களத்தில் ஜெப் புஷ் என்ற வேட்பாளரின் பெயரைத் தாங்கிய டாட் காம் முகவரிக்குப் போனவர்கள், அவரை எதிர்த்து நின்ற டிரம்ப்பின் தளத்திலே போய் விழுந்தார்கள்! மாவட்டத்துக்கொரு தளம் தொடங்கும் ஆர்வத்திலே, பெயரைத் தனியாள் கணக்கில் பதிந்து, கெடு முடியும் நாளை மறந்து, அவர் ஊர் மாறியபின் தேடாதீர்கள். அமைப்பின் கணக்கிலே பதியுங்கள். கெடு நாளை அலுவலகச் சுவரிலே எழுதி வையுங்கள். மிரட்டிக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தால், நாம் பதிந்த இடம் அதுதானா என்று பார்க்காமல் ஒரு காசும் கட்டாதீர்கள்.

டோக்கலாவ் மக்கள் தங்களைத் தாங்களே ஆள்வதா என்று 2006-இலும் 2007-இலும் வாக்களித்தார்கள். மூன்றில் இரு பங்கு வேண்டும் என்ற விதிக்குச் சற்றே குறைந்தது. பழைய நிலையிலேயே நின்றார்கள். நிலத்தின்மேல் யார் கொடி என்று முடிவு செய்ய அவர்களிடம் கேட்டார்கள். அவர்களின் பெயரை உலகச் சந்தையிலே யார் யாருக்கு வாரிக் கொடுப்பது என்று முடிவு செய்யும்போது கேட்டவர் எவர்? பெயர் மானத்தின் மறுவடிவம் என்று வாழ்ந்த மொழி நம் மொழி. ஒரு மக்களின் பெயரைக் கள்வனுக்குச் சீருடையாகத் தைத்துக் கொடுத்தவனை, “நான் வணிகன்” என்ற ஒரே சொல்லால் தப்பவிடாதீர்கள். அடுத்த முறை ஏமாந்த செய்தி கேட்கும்போது, ஏமாந்தவருக்கு ஆறுதல் சொல்லுங்கள். ஏமாற்றியவனைத் தேடச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல், மேடைதோறும் மன்றந்தோறும் உரக்கக் கேளுங்கள்: பெயரை விற்றவன் எங்கே?